பென்சில் டிக்

பேராசிரியர் டைட்டஸ் பதினொன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டார். என்ன தாள் என்று பார்க்கவில்லை.

பார்க்க வேண்டியதும் இல்லை. போட வேண்டிய இடத்தில் சபீதா பென்சிலால் ஒரு டிக் அடித்திருப்பாள். டிக் இருந்தால் கையெழுத்து. பாளையங்கோட்டைக் கல்லூரியின் அந்த இயற்பியல் துறை நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது.

சபீதா அவரிடம் ஆராய்ச்சி செய்ய மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். விடைத்தாள் திருத்துவது, அவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்புவது, அவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவது, சாயங்காலம் அவர் மகளுக்கு பிளஸ் டூ பாடம் எடுப்பது எல்லாம் அவள்தான். மிச்ச நேரத்தில் ஆராய்ச்சியும் செய்தாள்.

அதுதான் வம்பாகப் போயிற்று. ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

தீசிஸ் பைண்டிங் ஆகி ஒரு வருஷமாக பீரோவில் கிடக்கிறது. அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் யூனிவர்சிட்டியில் கொடுத்துவிடலாம். கொடுத்தால் வெளியூரில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. கேட்கும்போதெல்லாம் "பைய பார்ப்போம்மா" என்பார். கறக்கிற மாட்டை யாராவது அவிழ்த்து விடுவார்களா? மகள் பரீட்சையாவது முடியட்டும்.

பன்னிரண்டாவது தாள் வந்தது. ஒரு பேச்சுக்கு, "இது என்னம்மா?" என்றார்.

"ரொம்ப நாளா நிக்குத ஒண்ணு சார். இன்னைக்குக் கடைசி நாள்."

டைட்டஸுக்குக் கோபம் வந்தது. "கடைசி நாள் வரைக்குமா போட்டு வைப்ப? அன்னன்னைக்கு வேலைய அன்னன்னைக்கு முடிச்சாத்தானம்மா முன்னுக்கு வர முடியும்!"

சொல்லிக்கொண்டே டிக்கின் மேல் அழுத்திப் போட்டார்.

"சரி சார்" என்று சபீதா தாள்களை வாரிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. நல்ல பிள்ளை, திட்டினாலும் சிரிக்கிறாள் என்று அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து அட்டெண்டர் முத்துமாலை ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"வடை சார். டிப்பார்ட்மென்ட்ல எல்லாருக்கும் சபீதா வாங்கித் தந்துச்சு. தீசிஸத் தூக்கிட்டு ஆட்டோவுல யூனிவர்சிட்டிக்குப் போவுது. இத ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு."

பீரோ சாவியும் நாலாக மடித்த ஒரு தாளும்.

டைட்டஸ் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நிறுத்தச் சொல்லி யூனிவர்சிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். திரை பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குத் தெரியாது.

தாளைப் பிரித்தார். முதல் வரியில் பாஸ்வேர்டு. அடுத்து கேஸ் நம்பர். கடைசியில், "தங்கச்சிக்கு ஒளியியல் மட்டும் பாக்கி. நோட்ஸ் எழுதி உங்கள் டிராயரில் வைத்திருக்கிறேன். நீங்களே சொல்லிக்கொடுத்தால் சந்தோஷப்படுவாள்."

எங்கேயும் டிக் இல்லை.

டைட்டஸ் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி மேலிருந்து படித்தார். சபீதா கொடுத்த தாள் ஒன்றை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை.