கைராசிக்காரி

"ஏ அனுசியா, வெதை போட்டு எட்டு வருசமா ஒரு பூ காட்டாத எலுமிச்சைடி! மக பேறுகாலத்துக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், கொத்துக்கொத்தாப் பூத்து நிக்குது. ஒனக்குக் கைராசிதான்!"

பக்கத்து வீட்டு முருகலட்சுமி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அனுசியாவுக்குக் கூசியது.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரில் முருகலட்சுமி அக்கா ஊற்றச் சொல்லிப்போன மரத்துக்கென்று பிடித்ததையெல்லாம், அதே பழத்து விதையில் முளைத்த தன் மரத்துக்கே ஊற்றியிருந்தாள். அக்காவின் மரம் இலை கொட்டிக் காய்ந்தது. இருபது நாளில் வருவதாகப் போன் வந்ததும்தான் பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றினாள். காய்ந்து கிடந்து தண்ணீர் கண்ட வேகத்தில் மரம் பூத்துவிட்டது.

முருகலட்சுமி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அனுசியாவின் மரத்தில் வெறும் இலை.

"அடி பாவி மகளே! அம்புட்டுத் தண்ணியையும் எம்மரத்துக்கே ஊத்திட்டு, ஒம்மரத்த இப்பிடி விட்டுட்டியே!"