சைகால் சொல்லாத சொல்

“பாதியைக் காணோம் அண்ணே,” என்று மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள் சைகால். “போட்டது முழுசா உள்ளேதான் இருக்கு. ஆனா பாதிதான் காட்டுது.”

“எதுல பாதி?” என்றான் ஜானிஷ்.

கிர்கிஸ் நாட்டின் நாரின் நகரச் சந்தையில், ஒரு பழைய கன்டெய்னருக்குள் கணினி பழுது பார்க்கிறவன் அவன். வந்தவர்கள் கோளாறைச் சொல்லி முடிப்பதற்குள் திருகாணியைக் கழற்றிவிடுவான். கைக்கு இருக்கிற வேகம் காதுக்குக் கிடையாது.

“அதான்... உள்ளே இருக்குமே, அது.”

“உள்ளே ஆயிரம் இருக்கு தங்கச்சி.”

“மறக்காம இருக்க எது வேணுமோ, அது. சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். பிஷ்கெக்ல ஒரு பதிப்பகம். வீடியோவில கூப்பிட்டு, அவங்க கண்ணு முன்னாடியே படம் வரையச் சொல்லியிருக்காங்க. வரையற மென்பொருளைத் திறந்தாலே இது அப்படியே நின்னு போயிடுது. இந்த வேலை கிடைச்சாதான் வீட்ல ரொட்டி.”

“டிஸ்க்கைச் சொல்றியா? அதைச் சரியா பிரிச்சிருக்க மாட்டாங்க. அழிச்சிட்டுப் புதுசா பிரிச்சிடலாம்,” என்று ஜானிஷ் நாலு தட்டுத் தட்டினான். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது.

சைகால் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். “ஐயோ, என் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அது இல்லை அண்ணே.”

“அப்ப எதுன்னு வாயைத் திறந்து சொல்லேன். ருஷ்யப் பேராவது தெரியுமா?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒருத்தன் தலையில அடிபட்டு மயக்கமா விழுறான். அவனுக்கு எது போகும்?”

“தொப்பி.”

“விளையாடாதீங்க. கண்ணு முழிச்சா திரும்பி வருமே, அது.”

ஜானிஷுக்கு அப்போதுதான் உறைத்தது. நினைவு. கிர்கிஸ் மொழியில் நினைவுக்கு ‘எஸ்’ என்று பேர். கணினியின் ரேமுக்கும் அதே சொல்தான்.

“மாமனார் பேரு எஸ்ஸுல ஆரம்பிக்குதா? எஸென்பெக்கா, எஸென்கானா?”

சைகால் தலையைக் குனிந்துகொண்டாள்.

புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. அந்தப் பெயரை ஒத்த சொல்லும் வாயில் வரக் கூடாது. ஆனால் இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஜானிஷின் மனைவி அவன் அப்பாவை முழுப் பெயரும் சொல்லித்தான் திட்டுவாள்.

“மாமனார் வீட்ல ரொம்பக் கண்டிப்போ?” என்று கேட்டபடியே அடிமூடியைக் கழற்றினான். யாரோ ஒரு முசுட்டுக் கிழவனை நினைத்து அவனுக்கு எரிச்சல் வந்தது. வேலையே கைவிட்டுப் போகிற நேரத்திலும் ஒரு சொல்லுக்கு இத்தனை பயமா?

உள்ளே ரேம் இரண்டு இருந்தது. ஒன்று படிந்து உட்கார்ந்திருந்தது. மற்றது ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

“இந்த ரெண்டாவதை யாரு மாட்டினது?”

“மாமாதான். அவரே தேடி வாங்கிட்டு வந்து, அவரே மாட்டினார்.”

“ஆசையா மாட்டியிருக்கார், அழுத்தி மாட்டலை. அதான் கண்ணுல படலை.” அதை வெளியே எடுத்து, முனையை ரப்பரால் தேய்த்து, சாய்வாகச் செருகி அழுத்தினான். ‘டக்’கென்று இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. மூடி, இயக்கினான். திரையில் நாலு ஜிபிக்குப் பதில் எட்டு என்று வந்தது.

“இதுலயும் கொஞ்சத்தைத் திரை எடுத்துக்கும். அது வழக்கம்தான். மிச்சமெல்லாம் உனக்கு.”

சைகால் தன் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். நிற்காமல், திணறாமல் திறந்துகொண்டது. பாதி வரைந்த குதிரைக்குட்டி ஒன்றுக்கு அங்கேயே வால் போட்டாள். கண்கள் நிறைந்துவிட்டன அவளுக்கு.

“என்ன தரணும் அண்ணே?”

“அழுத்தினதுக்கெல்லாம் காசு வாங்குறதில்லை. அதுக்குப் பதிலா அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போ. இங்க யாரு கேக்கப் போறா?”

அவள் சிரித்தபடி, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

ஜானிஷுக்கு எரிச்சல் போய் மரியாதை வந்துவிட்டது. “உன் புருஷன் குடுத்து வச்சவன்,” என்றான், மனதாரத்தான்.

சைகால் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அவரு என்னை விவாகரத்து பண்ணி ரெண்டு வருஷமாச்சு அண்ணே,” என்றாள். “மாமா பண்ணலையே.”