சர்வர் தலையில் பொரி

"இதை யார் பிரிச்சது?"

ருவான் அக்கா கேட்டதும் ஆபீஸ் மொத்தமும் குவோவைத்தான் திரும்பிப் பார்த்தது.

அந்த மனுஷன் இன்னும் மென்றுகொண்டிருந்தார். "பசிச்சுது முதலாளி."

தைவானின் தைச்சுங் நகரில் டீக்கடைகளுக்கு ஆர்டர் எடுக்கிற சாஃப்ட்வேர் செய்யும் சின்னக் கம்பெனி அது. மதியத் தூக்கம் முடிந்து விளக்கைப் போட்டால், சர்வர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டிருந்தது. கடைகளிலிருந்து போன் மேல் போன். சர்வர் சமத்தாக ஓடட்டும் என்று அந்த ஊர் ஆபீஸ்களில் அதன் தலையில் பச்சை நிறப் பொரிப் பொட்டலம் வைப்பார்கள். அதைப் பிரித்தால் சர்வர் படுத்துவிடும் என்று நம்பிக்கை. இவரோ பாதியைக் காலி பண்ணியிருந்தார்.

"ஏண்ணே, கீழ இறங்கினா கடை. இதுலயா கை வைப்பீங்க?" என்றான் லியாவ்.

"வேலைன்னா மட்டும் அந்தக் கை நீளாது," என்றாள் கணக்குப் பார்க்கும் ஷூமெய்.

புதிதாகச் சேர்ந்த ஷின்ரு மட்டும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மேஜையில் தலை சாய்த்திருந்தபோது, புது விலைகளை ஏற்றப் போய்த் தப்பான கட்டளையைத் தட்டியவள் அவள்தான். சர்வர் அப்போதே நின்றுவிட்டது. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கையில்தான் குவோ எழுந்து போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். தீனிப் பண்டாரம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

அவளை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அக்கா முடிவு செய்யும் நாள் வேறு அன்றைக்கு.

லியாவ் ஒருவழியாகச் சர்வரை எழுப்பினான். அக்கா தண்டனை சொன்னாள். "குவோ, எல்லாருக்கும் உன் செலவுல டீ. புதுப் பொட்டலம் வாங்கி வச்சு, சர்வர்கிட்ட மன்னிப்புக் கேளு."

குவோ பயபக்தியோடு கும்பிட்டார். "ராசா, புத்தி கெட்டுப் போச்சு. மனசுல வச்சுக்காத."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷின்ரு தன் டீயைத் தொடவேயில்லை.

"குடிம்மா, ஐஸ் கரையுது," என்றார் குவோ.

"அண்ணே, அது நான்..."

"தெரியும். வீட்டுல பொண்டாட்டி திட்டுறதை விடவா? பேசாம குடி."

அவளால் முடியவில்லை. நேரே அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, சர்வர் நின்னது பொரியால இல்ல. என்னாலதான். வேலை போனாலும் போகட்டும், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"தெரியும். நீ தட்டினது அதுலயே பதிவாகியிருக்கே."

ஷின்ருவுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் ஏன் அவரைக் கும்பிட வச்சீங்க?"

"ஒருத்தன் ஆசையா ஒண்ணு செய்யறான், அதைக் கெடுப்பானேன்? நாளையிலேர்ந்து எதைத் தட்டினாலும் லியாவ்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுத் தட்டு."

நாளையிலிருந்து. ஷின்ருவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"பொரியைத் தின்னு பழியை ஏத்துக்கலாம்னு அவருக்கு எப்படிக்கா தோணிச்சு?"

அக்கா ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறினாள்.

"பழைய கம்பெனியில எனக்காகவும் தின்னான். அங்க இருந்த முதலாளி நிஜம்னு நம்பி, அன்னிக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டாரு."