நேர் வடக்கு

“மணி ஏழு பத்துதான். அதுக்குள்ள வெயில் மண்டையைப் பிளக்குது. நீங்க என்னடான்னா கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு நிக்கறீங்க,” என்றார் சர்வேயர், எல்லைக்கல்லின் மேல் முக்காலியை ஊன்றியபடி.

“சளி சார்,” என்றான் பெரியவன்.

“எனக்கும்,” என்றான் சின்னவன்.

“சளியிலயாவது ஒத்துமை இருக்கே.”

அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி நாளாயிற்று. அப்பா போனதும் எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். பாட்டுப்பெட்டியின் இரண்டு ஸ்பீக்கர்களைக்கூட ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டார்கள். மிச்சம் நிலமும் கிணறும். கல்லிலிருந்து நேர் வடக்கே கோடு; மேற்குப் பக்கம் பெரியவனுக்கு, கிழக்குப் பக்கம் சின்னவனுக்கு என்பது அப்பாவின் சொல். கோடு கொஞ்சம் கிழக்கே சாய்ந்தால் போதும், கிணறு முழுக்கப் பெரியவனுக்கு.

சாயும். அவன் பங்கு ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மனைவி பனியனுக்குள் வைத்துத் தைத்திருந்தாள், வடமுனை வெளியே பார்க்க. திசைகாட்டி முள்ளின் வடமுனையை அது கிழக்கே தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்ததில் அது ஒன்றுதான் அவனுக்கு மறக்கவில்லை.

சர்வேயர் திசைகாட்டியைத் திறந்தார். பெரியவன் மேற்கிலிருந்து நெருங்கினான். கிழக்கிலிருந்து சின்னவனும் வந்து நின்றான்.

“சார், அவனைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூச்சு மேல படுது.”

“அவர் தள்ளினா நானும் தள்ளறேன்னு சொல்லுங்க சார்.”

“ரெண்டு பேரும் பேசாம இருந்தா போதும்.”

முள் நடுங்கியது. பெரியவன் நெஞ்சை முன்னே தள்ளிக் குனிந்தான். முள் அந்தப் பக்கம் ஆடியது, இந்தப் பக்கம் ஆடியது, நேராக நின்றுவிட்டது.

கயிறு கட்டிப் பார்த்தபோது கோடு கிணற்றின் நட்டநடுவே போயிற்று.

பழைய காந்தம், சக்தி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான் பெரியவன். தம்பியைப் பார்த்தான். அவன் தலை குனிந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். சூது வாது தெரியாதவன். கூடப்பிறந்தவன் வயிற்றிலா அடிக்கப் பார்த்தோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

“உங்கப்பா நியாயஸ்தர்யா. ஆளுக்குப் பாதித் தண்ணி. கட்டிப் பிடிச்சுக்கிட்டு வீடு போய்ச் சேருங்க,” என்றார் சர்வேயர்.

“வாடா,” என்றான் பெரியவன்.

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். கைகள் தோளைச் சுற்றின. நெஞ்சு மட்டும் சேரவில்லை. நடுவில் ஏதோ தள்ளியது. பெரியவன் இறுக்கி அணைத்தான், இன்னும் பலமாகத் தள்ளியது.

சின்னவன் பிடியை விடவில்லை. காதோரமாகக் கேட்டான்:

“அண்ணே, உன் பங்கு ஸ்பீக்கர் இன்னும் பாடுதா?”