டியூலிப்புக்குக் குளிர் வேணும்

“டியூலிப் கிழங்கெல்லாத்தையும் வெங்காயம் மாதிரிப் பிடி பிடியாக் கட்டி, குசினியில அடுப்புக்கு மேல தூக்கிவிட்டனான் பிள்ளை. பிழையோ?”

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் கலகலவென்று சிரிப்பு. பாலேந்திராவின் முகம் மலர்ந்தது. காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவி விமலாதேவி, சத்தம் வெளியே போகாமல் சுவெற்றர்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டென்மார்க்கின் கோல்டிங்கில் இருக்கும் பூங்கன்றுக் கடை அது. ஹோர்சன்ஸ் வீட்டில் இருந்து சனிக்கிழமை தோறும் பத்து மணிக்குப் பாலேந்திரா அங்கே போன் அடிப்பார். கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போன மனிதர், அந்த நேரத்துக்கென்று சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டுக்கொள்வார். தமிழ் கதைக்கிற பிள்ளை ஒன்று அங்கே வேலை செய்தது.

“டியூலிப்புக்குக் குளிர் வேணும்,” என்றாள் அவள். “சூட்டில வைச்சா இலைதான் வரும், பூ வராது. நிலம் இறுக முதல் நட்டுவிடுங்கோ. மேல காய்ஞ்ச இலை போட்டு மூடுங்கோ. வேற ஏதும் எண்டா இண்டைக்கே கேட்டிடுங்கோ. திங்களில இருந்து என்னை நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரம் விக்கிற பக்கம் விடினம். பூப் பகுதி இனி மார்ச்சிலதான் திறக்கும்.”

“நாலு மாசமோ?”

“நிக்கலஸ் எண்டு ஒருத்தர் போன் எடுப்பார். நல்லா விளங்கப்படுத்துவார்.”

“அவருக்குத் தமிழ் தெரியாதே.”

“உங்களுக்கு டேனிஷ் தெரியும்தானே.”

“எனக்குக் கேள்வி தமிழிலதான் வரும், பிள்ளை.”

விமலாதேவி ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினாள். ‘பிள்ளை சாப்பிட்டிட்டுதோ எண்டு கேளுங்கோ.’ பாலேந்திரா முறைத்தார். அவள் அதை வெட்டிவிட்டு ‘எலி’ என்று எழுதினாள்.

“எலி தின்னாதோ?”

“ஆழமா நட்டாத் தின்னாது.”

“தண்ணி?”

“வேண்டாம், அழுகிப்போகும். கிண்டிக் கிண்டிப் பாக்கவும் கூடாது.”

“பாக்காம எப்பிடி இருக்கிறது? உயிரோட இருக்கோ எண்டாவது தெரியவேணுமே.”

அந்தப் பக்கத்தில் யாரோ வண்டில் உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

“இருக்கும்,” என்றாள். “பனிக்குக் கீழ கிடந்தாலும் இருக்கும். வேற?”

உறையில் இடமும் இல்லை, கேள்வியும் இல்லை. ‘இல்லை’ என்று சொன்னால் வைத்துவிடுவாள். பிறகு நாலு மாசம். பாலேந்திரா மனைவியைப் பார்த்தார். அவள் பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தாள்.

“இருக்கிறீங்களோ?”

“ஓம், ஓம். யோசிக்கிறன்.”

“கிழங்கை எந்த இடத்தில நடப் போறீங்கள்?” இந்தத் தடவை கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“குசினி யன்னலுக்குக் கீழ.”

“அங்க பின்னேர வெயில் விழும்.”

“ஓம்.”

“போனில சொல்லிச் சரிவராது.” அவளுடைய குரல் இறங்கியது. “நாளைக்கு எனக்கு லீவு. நேர வந்து பாக்கட்டோ?”

விமலாதேவி எழுந்தே விட்டாள். பாலேந்திரா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வா,” என்றார்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் ஒரு பிடி மண்ணும் இல்லை, ஒரு கிழங்கும் இல்லை. ஆறு வருசத்துக்கு முன்னர் “இனி இந்தப் படி ஏறாதே” என்று அப்பா சொன்ன நாள்வரை அங்கேயே வளர்ந்த அந்தக் கடைப் பிள்ளை கிருசாந்திக்கு அது தெரியாததும் இல்லை.