கேபிடல் ஆர்

"அந்த எழுத்தை மாத்திட்டா இன்னாப்பா கொறஞ்சுடப் போவுது?" என்றார் தானியேல், மடவை மீனின் முள்ளைப் பிரித்தபடி.

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மெட்ராஸிலிருந்து ரயிலேறி, பொன்னேரியில் பஸ் பிடித்து, பழவேற்காட்டுக் குப்பத்தில் இருக்கும் தன் வீடு வரை இந்த மனுஷன் வந்தது மீன் குழம்புக்காக இல்லை.

இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனி. பல பேர் சேர்ந்து எழுதும் புரோகிராமில் எதெல்லாம் மாறியிருக்கிறது என்று காட்டும் கட்டளையை உருவாக்கியவன் கோதண்டம். ஸ்மால் ஆர் தட்டினால் நிலவரம் தெரியும். கேபிடல் ஆர் தட்டினால் மாற்றியதெல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். எண்பத்தேழில் அந்தக் குப்பத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவனே அவன் ஒருவன்தான் என்பதால், கொஞ்சம் கர்வமும் உண்டு.

"யாரோ நிலவரம் பாக்கறேன்னு கேபிடல் ஆரைத் தட்டிட்டாங்க. ஒரு மாச வேலை மொத்தமும் போச்சு" என்றார் தானியேல். "எதுவும் மாறலன்னாலும் திரையில ஒண்ணும் வராது, அழிஞ்சாலும் ஒண்ணும் வராது. தட்டுன ஆளுக்கே தெரியல."

"யாருண்ணா அது?"

"யாரா இருந்தா இன்னா. எழுத்து வச்சதுல கோளாறுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, மாத்திட்டு விட்டுடலாம். ஆள் மேல தப்புன்னு சொன்னா, நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு மேனேஜர். உன் முடிவைக் கேட்டு வரச் சொன்னாரு."

"பாவம்ங்க. புள்ளகுட்டிக்காரரா இருந்தா இன்னா பண்ணுவாரு?" என்றாள் தேவகி, தானியேலுக்குக் குழம்பு ஊற்றியபடி.

"நீ சும்மாயிரு" என்று மனைவியை அடக்கினான் கோதண்டம். "எங்க ஏரியில பாடு முறைன்னு ஒண்ணு இருக்குதுண்ணா. யாருக்கு எந்த நாள்ல எந்த இடம்னு சீட்டு போட்டு வச்சிருக்கோம். முறை தவறி வலை போட்டவன், தெரியாம பண்ணிட்டேன்னு அழுதாலும் எங்க நைனா விடமாட்டாரு. தப்புன்னா தப்புதான்."

"அவசரத்துல யாருக்கும் கை தவறும்பா. கொஞ்சம் யோசிச்சு சொல்லேன்."

"கை தவறுறவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரவே கூடாது."

தானியேல் மேலும் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தார். மனுஷனுக்கு இவ்வளவு இளகிய மனசு ஆகாது என்று கோதண்டத்துக்கு எரிச்சலாக வந்தது.

"எழுத்து சரியாத்தான் இருக்குது, ஆள்தான் சரியில்லன்னு சொல்லிடுங்க. இதுதான் என் முடிவு."

தானியேல் பாதிச் சோற்றோடு கை கழுவினார். தேவகியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"பேரைச் சொல்லாம கேக்கணும்னு மேனேஜர் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, கோதண்டம்" என்றார். "நேத்து சாயங்காலம் ரயிலுக்கு நேரமாச்சுன்னு, நின்னபடியே நிலவரம் பாத்துட்டு ஓடினியே... கேபிடல் ஆரைத் தட்டுனது நீதாம்பா."