நண்டு போட்ட கணக்கு

வரப்பு வளைக்குள் நண்டும் மனைவியும் பசியோடு இருந்தார்கள். வெளியே எத்தனை கொக்கு நிற்கிறது என்று தெரியாமல் இரை தேடப் போக முடியாது. அந்த வழியாக வந்த நத்தையைக் கேட்டார்கள்.

“ஒன்றுக்குக் குறையாது. ஆனால் இரண்டுக்குக் கீழேதான்,” என்றது நத்தை.

நண்டு கொடுக்கைத் தூக்கியது. “முதல் தகவல் மட்டும் போதாது, நூறுகூட நிற்கலாம். இரண்டாவது மட்டும் போதாது, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் போதும். அரைக் கொக்கு, முக்கால் கொக்கு கிடையாதே.”

“அப்போ எத்தனைங்க?” என்றாள் மனைவி.

“அசடே, அதுவா கேள்வி? தகவல் போதுமா என்பதுதான் கேள்வி. போதும்,” என்று நிம்மதியாக வெளியே நடந்தது.

கொக்கின் அலகுச் சத்தம் கேட்டதும் அவள் சேற்றை அள்ளி வளையை அடைத்தாள்.

மறுநாள் அக்கம்பக்கத்து நண்டுகள் துக்கம் கேட்க வந்தன. “ஒரு கணக்கும் தப்பாத மனுஷர்,” என்றன.

“ஆமாங்க, தப்பவே இல்லை,” என்றாள் அவள், அடைப்பை எடுக்காமலே.